காப்பியும் ஒரு மூளை மருந்துதான்

பரீட்சை நெருங்கும்போது மாணவர்கள் மத்தியில் ஒரு பேச்சு கிளம்பும். "தூக்கமே வராமல் படிக்க ஒரு மாத்திரை இருக்கிறதாம், அமெரிக்காவில் கல்லூரிப் பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டுதான் படிக்கிறார்களாம்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "அதெல்லாம் ஏமாற்று வேலை, சொந்த மூளையால் படித்து வாங்கினால்தான் அது மார்க்கு" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் கையிலும் டீ கிளாஸ் இருக்கும்.

மூளையின் திறனை மருந்தாலும் கருவியாலும் கூட்டிக்கொள்ளலாமா, அது நியாயமா என்ற கேள்வியை ஏதோ இந்த நூற்றாண்டில் புதிதாக முளைத்த பிரச்சினை போலப் பலர் எழுதுகிறார்கள். நம் தமிழ்நாட்டில் இந்த விவாதம் ஒரு முறை நடந்து முடிந்து கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகிறது. அப்போது மருந்தின் பெயர் காப்பி. அந்த விவாதத்தில் எதைப் பற்றி நம் தாத்தாக்கள் சத்தம் போட்டார்கள், எதைப் பற்றிப் பெரும்பாலும் பேசாமல் விட்டார்கள் என்று பார்த்தால், இன்றைய மாத்திரையைப் பற்றி நாம் என்ன கேட்க வேண்டும் என்பது ஓரளவு தெளிவாகும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

காப்பி மருந்தா?

முதலில் இதைத் தீர்த்துவிடுவோம். காப்பியிலும் தேயிலையிலும் இருக்கும் காஃபீன் என்ற பொருளை 1819-ல் ஜெர்மானிய வேதியியலாளர் ஃப்ரீட்லிப் ரூங்கெ காப்பிக் கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார். அவருக்கு அந்தக் கொட்டைகளைக் கொடுத்து ஆராயச் சொன்னவர் கவிஞர் கதே.

நாம் விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது நரம்பணுக்களில் தனக்கென்று உள்ள இடங்களில் போய் உட்காரும்போது "போதும், தூங்கு" என்ற செய்தி போகிறது. காஃபீன் உருவத்தில் அடினோசினைப் போலவே இருப்பதால் அந்த இடத்தில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. செய்தி போகாது. களைப்பு தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் களைப்பு அப்படியே இருக்கிறது, அறிவிப்பு மட்டும்தான் தடுக்கப்பட்டிருக்கிறது. வணிகவியல் மாணவனாக எனக்கு இது கடன் வாங்குவதைப் போலத் தெரிகிறது. வரவு கூடவில்லை, கொடுக்க வேண்டிய தேதிதான் தள்ளிப்போகிறது. குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்த காப்பியில் பாதி, இரவு பதினொரு மணிக்கும் உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆக, மூளையின் வேலையை வேதிப்பொருளால் மாற்றும் பழக்கம் நமக்குப் புதிது அல்ல. தினமும் இரண்டு வேளை செய்துகொண்டிருக்கிறோம். உலகிலேயே அதிகம் பேர் பயன்படுத்தும் மூளை ஊக்கி இதுதான்.

காப்பி வந்த கதை

அரேபியாவிலிருந்து பாபா புதன் என்ற சூஃபி ஏழு காப்பி விதைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்பது பழைய கதை. பெருந்தோட்டமாகப் பயிரானது வெள்ளையர் காலத்தில்தான். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்தார். அதே காலத்தில் இலங்கையின் கண்டி மலைகளில் காடுகள் அழிக்கப்பட்டுக் காப்பித் தோட்டங்கள் எழுந்தன.

அந்தத் தோட்டங்களுக்கு ஆள் போனது இங்கிருந்துதான். திருச்சி, மதுரை, திருநெல்வேலி, சேலம் பக்கத்து ஏழைகள், பஞ்சத்தில் அடிபட்டவர்கள், நிலம் இல்லாதவர்கள் கங்காணிகளின் பின்னால் கூட்டமாகப் போனார்கள். கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1869-ல் காப்பி இலைகளில் துருநோய் தோன்றியது. அடுத்த இருபது வருஷத்துக்குள் இலங்கையின் காப்பி ஏறக்குறைய அழிந்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. பயிர்தான் மாறியது, கூலிகள் மாறவில்லை.

இப்படி விளைந்த காப்பி முதலில் கப்பலேறி வெளிநாடு போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான் அது தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தது. கச்சேரி உத்தியோகம், வக்கீல் தொழில், வாத்தியார் வேலை என்று மூளையால் பிழைக்கும் நடுத்தர வர்க்கம் உருவான அதே காலம் அது. காலையில் நீராகாரமும் பழைய சோறும் சாப்பிட்டு வயலுக்குப் போன வாழ்க்கை ஒரு பக்கம். பத்து மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதும் வாழ்க்கை இன்னொரு பக்கம். காப்பி இந்த இரண்டாவது வாழ்க்கையின் பானமாக வந்தது.

வரவேற்பு ஒன்றும் பலமாக இல்லை. வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் இந்தக் கதையை விரிவாக எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துப் பத்திரிகைகளிலும் சிறு நூல்களிலும் காப்பியைத் திட்டி எழுதியவர்கள் பலர். உடம்பைக் கெடுக்கும், நரம்பைத் தளர்த்தும், ஒரு நாள் நிறுத்தினால் தலைவலி வரும் அளவுக்கு அடிமையாக்கும், குடும்பத்தின் காசைக் கரைக்கும், நம் பழைய உணவை விரட்டிவிட்டு வெள்ளைக்காரன் பழக்கத்தைக் கொண்டுவந்துவிட்டது என்றெல்லாம் குற்றச்சாட்டுகள்.

இவற்றை இன்றைய மாத்திரை விவாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இயற்கைக்கு மாறானது, அடிமைப்படுத்தும், நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது. எல்லாம் அதே வரிசை. காப்பியைத் திட்டியவர்கள் சொன்னதில் பாதி உண்மையும்கூட. தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் தலைவலி வருவதை மருத்துவம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த எதிர்ப்பு தோற்றது. கும்பகோணம் டிகிரி காப்பி என்று பெயர் வைத்து அதையே நம் பண்பாடாக்கிக்கொண்டோம்.

ஒருவர் மட்டும் வேறொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டார். தென்னாப்பிரிக்காவில் இருந்த காலத்திலேயே ஆரோக்கியம் பற்றி எழுதிய காந்தி, டீ, காப்பி, கோக்கோ ஆகியவை உடம்புக்குத் தேவையில்லாதவை என்றார். பின்னால் ஆகாகான் மாளிகைச் சிறையில் இருந்தபோது எழுதிய ஆரோக்கிய நூலிலும் அதையே சொன்னார். அது எல்லோரும் சொன்னதுதான். ஆனால் முந்தைய எழுத்தில், இந்தப் பொருள்களை விளைவிப்பது ஒப்பந்தக் கூலிகளின் அடிமை உழைப்பு என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். கோப்பையில் இருப்பது குடிப்பவனை என்ன செய்கிறது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, அது யாரைக் கசக்கிப் பிழிந்து வந்தது என்று அவர் பார்த்தார்.

டீ தானாகப் பரவவில்லை

காப்பியாவது ஆசைப்பட்டு வந்த பழக்கம் என்று சொல்லலாம். டீயின் கதை வேறு. பாடப் புத்தகத்தில் சந்தை உருவாக்கம் என்று படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்தியாவில் விளைந்த தேயிலை இங்கிலாந்துக்காக விளைந்தது. விலை சரியும்போதெல்லாம் தோட்ட முதலாளிகளுக்கு உள்நாட்டுச் சந்தை ஞாபகம் வரும். 1903-ல் தேயிலைத் தீர்வைச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் தேயிலை மீது ஒரு சிறு வரி வசூலித்து, அந்தப் பணத்தில் தேயிலைக்கு விளம்பரம் செய்வது என்று ஏற்பாடு. 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் ஏற்றுமதிக்கு உச்சவரம்பு வைத்தபோது, மிச்சச் சரக்கை இந்தியர்களுக்கே விற்றாக வேண்டிய நிலை வந்தது. அப்போதுதான் பிரசாரம் சூடு பிடித்தது. ஆட்கள் ஊர் ஊராகப் போய்ச் சந்தையிலும் திருவிழாவிலும் இலவசமாக டீ போட்டுக் கொடுத்தார்கள். எப்படிப் போடுவது என்று வீட்டுப் பெண்களுக்குச் செய்து காட்டினார்கள். காசுக்குச் சின்னப் பொட்டலம் கிடைத்தது. ரயில் நிலையங்களில் அந்தந்த மொழியில் பலகைகள் நின்றன.

இதில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஆலை. பஞ்சாலைகள், சணல் ஆலைகள், சுரங்கங்கள் ஆகியவற்றுக்குள் டீக்கடை வைக்கும்படி முதலாளிகளிடம் தேயிலைக்காரர்கள் எடுத்துச் சொன்னார்கள். நடுவில் ஒரு டீ கொடுத்தால் தொழிலாளி களைப்பு நீங்கிச் சுறுசுறுப்பாக வேலை செய்வான் என்பதுதான் அவர்கள் வைத்த வாதம். இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். தொழிலாளியின் மூளைக்குள் இருக்கும் களைப்புச் செய்தியை ஒரு வேதிப்பொருளால் தடுத்து, அந்தக் கூடுதல் விழிப்பை உற்பத்தியாக மாற்றும் திட்டம் அது. அதற்கு மூளை மேம்பாடு என்று யாரும் அப்போது பெயர் வைக்கவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. தொழிலாளிக்கு அதனால் நன்மையும் இருந்தது. டீ குடிக்கும் பத்து நிமிஷம் அவனுக்குக் கிடைத்த ஓய்வு. பசியை அடக்கும் மலிவான பானமும் அதுதான். டீக்கடை பெஞ்சு அவன் செய்தித்தாள் படிக்கும் இடமாகவும், அரசியல் பேசும் இடமாகவும், சங்கம் சேரும் இடமாகவும் ஆனது. ஒரே பொருள் ஒருவனைப் பிழியவும் உதவியது, அவன் தலை நிமிரவும் உதவியது.

தேயிலையைப் பறித்தவர்கள் கதையை, ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969-ல் 'ரெட் டீ' என்ற நாவலாக எழுதினார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்தார். படிக்காதவர்கள் படியுங்கள். நம் விழிப்புக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்று தெரியும்.

இரண்டு டம்ளர்

மூளை ஊக்க மருந்துகளைப் பற்றி இன்று எழுதுபவர்கள் வைக்கும் பெரிய ஆட்சேபம், சமத்துவம். பணக்காரன் வாங்குவான், ஏழையால் முடியாது, ஏற்கனவே இருக்கும் இடைவெளி இன்னும் பெரிதாகும் என்பது வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் நம் ஊர் வரலாறு இதற்கு மேல் ஒரு படி போகிறது. விலை மிக மலிவாக, யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய காசில் கிடைத்தபோதும் நாம் அதைச் சமமாகக் கொடுக்கவில்லை.

நகரங்களில் பிராமணாள் காப்பி கிளப்புகளில் யார் எங்கே உட்காரலாம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஓட்டலின் பெயர்ப் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் தொடங்கினார். அது பல மாதங்கள் நடந்தது. கிராமத்து டீக்கடைகளில் தலித் மக்களுக்குத் தனி டம்ளர் அல்லது கொட்டாங்குச்சி, உட்கார பெஞ்சு கிடையாது, குடித்தவரே கழுவி வைக்க வேண்டும். இதற்கு இரட்டைக் குவளை முறை என்று பெயர். தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு ஒழித்தது. பொது உணவகத்தில் உள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது குற்றம் என்று 1955-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தனி டம்ளர்களுக்கு எதிராக இயக்கங்கள் போராட வேண்டியிருந்தது.

இரண்டு டம்ளரிலும் இருந்தது ஒரே டீ. ஒரே காஃபீன். ஆக, பொருளின் விலை குறைந்துவிட்டால் சமத்துவம் வந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு நம் டீக்கடை வரலாறு ஒரு பதில் வைத்திருக்கிறது.

மாத்திரை யுகம்

இனி மாத்திரைக்கு வருவோம். ஆம்ஃபெட்டமைன் 1887-லேயே பெர்லினில் தயாரிக்கப்பட்டது. அதன் ஊக்க குணம் 1930-களில்தான் சந்தைக்கு வந்தது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அந்த மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, அது தூக்கத்தை விரட்டுகிறது என்று கண்டுகொண்ட மாணவர்கள் பரீட்சைக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். பிறகு வந்தது போர். 1940-ல் சில மாதங்களுக்குள் ஜெர்மன் ராணுவத்துக்கு மூன்றரைக் கோடி பெர்விட்டின் மாத்திரைகள் போயின. ஜப்பானில் இதே வகை மருந்து படைவீரர்களோடு போர்த் தளவாட ஆலைத் தொழிலாளர்களுக்கும் கொடுக்கப்பட்டது. போர் முடிந்ததும் மிச்சச் சரக்கு மக்களிடம் பரவி, பெரிய போதைப் பிரச்சினையாகி, 1951-ல் ஜப்பான் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது.

இன்று மாணவர்கள் வாயில் அதிகம் அடிபடும் பெயர் மோடாஃபினில். பிரான்சில் கண்டுபிடிக்கப்பட்டது. கட்டுப்பாடில்லாமல் தூக்கம் வரும் நார்கோலெப்சி என்ற நோய்க்காக 1998-ல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. 2004-ல் இன்னொரு அனுமதியும் கொடுத்தது: ஷிப்ட் வேலையால் தூக்கம் கெட்டவர்களுக்கும் கொடுக்கலாம். ஐரோப்பிய மருந்து முகமை 2010-ல் எதிர்த் திசையில் போய், பக்க விளைவுகளைக் கணக்கில் எடுத்து நார்கோலெப்சிக்கு மட்டும் போதும் என்று பரிந்துரைத்தது. ஒரே மாத்திரைதான். ஒரு கண்டத்தில் இரவு வேலை செய்பவனின் களைப்பு மருந்து கொடுக்கத் தக்க நோய். இன்னொரு கண்டத்தில் அப்படி இல்லை.

பணக் கணக்கையும் பார்க்க வேண்டும். இந்த மாத்திரையை விற்ற செஃபலான் என்ற அமெரிக்க நிறுவனம், மலிவு விலை நகல் மருந்து தயாரிக்க இருந்த நான்கு நிறுவனங்களோடு 2005, 2006-ஆம் ஆண்டுகளில் ஒப்பந்தம் செய்துகொண்டது. மொத்தம் 30 கோடி டாலருக்கு மேல் கைமாறியது. நான்கில் ஒன்று நம் ஊர் ரான்பாக்ஸி. 2012 வரை மலிவு மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவராமல் தள்ளிப்போடுவதுதான் பேச்சு. அமெரிக்க வணிக ஆணையம் 2008-ல் வழக்குப் போட்டது. 2015-ல், செஃபலானை அதற்குள் வாங்கியிருந்த டெவா நிறுவனம் 120 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தது. கடையில் போட்டியாளனுக்குக் காசு கொடுத்துக் கடையைத் திறக்காதே என்று சொல்வதற்குச் சமம் இது.

சரி, வேலை செய்கிறதா? 2023-ல் 'சயன்ஸ் அட்வான்சஸ்' ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வு சுவாரசியமானது. ஆரோக்கியமான 40 பேருக்கு ஆம்ஃபெட்டமைன் வகை, மெதில்ஃபெனிடேட், மோடாஃபினில் என்று வெவ்வேறு நாளில் கொடுத்து ஒரு கணக்கைப் போடச் சொன்னார்கள். இவ்வளவு எடைதான் தூக்கும் என்ற ஒரு பையில், அதிக மதிப்பு சேரும்படி எந்தெந்தப் பொருளை வைப்பது என்ற கணக்கு. மருந்து சாப்பிட்டவர்கள் அதிக நேரம், அதிக முனைப்போடு முயன்றார்கள். ஆனால் அவர்களுடைய முயற்சியின் தரம் குறைந்தது. தீவிரமாக, ஆனால் முறையில்லாமல் தேடினார்கள். சாப்பிடாமலே நன்றாகச் செய்தவர்கள் மருந்தால் பெரும்பாலும் பின்தங்கினார்கள். வேறு ஆய்வுகள் திட்டமிடுதல் போன்ற சில வேலைகளில் சிறு முன்னேற்றத்தைக் காட்டுகின்றன. மொத்தத்தில், விழித்திருக்கச் செய்யும் என்பது உறுதி. புத்திசாலியாக்கும் என்பது அவ்வளவு உறுதி இல்லை.

கருவிகளும் வந்துவிட்டன. மண்டையோட்டின் மேல் லேசான மின்சாரம் பாய்ச்சும் பட்டைகளை வெளிநாடுகளில் இணையத்திலேயே விற்கிறார்கள். 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் கை கால் அசையாத ஒருவருடைய மூளையில் சில்லைப் பொருத்தி, நினைப்பாலேயே கணினியை இயக்க வைத்தது. அது சிகிச்சை. நோயில்லாதவன் எப்போது கேட்கப்போகிறான் என்பது அடுத்த கேள்வி.

சென்னையில் விற்ற ஞாபக சக்தி

ஆலைத் தொழிலாளியும் அமெரிக்க மாணவனும் ஒரு பக்கம் இருக்கட்டும். நம் பெற்றோர்களுக்கும் ஒரு பலவீனம் உண்டு. அது பிள்ளையின் ஞாபக சக்தி. வல்லாரைக்கு சரஸ்வதிக் கீரை என்று பெயர் வைத்த ஊர் இது.

லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் நீர்ப்பிரமி என்ற மூலிகையை ஆராய்ந்தது. வட இந்தியாவில் இதற்கும் பிரம்மி என்று பெயர், வல்லாரைக்கும் சில இடங்களில் பிரம்மி என்று பெயர். இரண்டும் வேறு வேறு செடிகள். நீர்ப்பிரமிச் சாற்றிலிருந்து வந்த 'மெமரி ப்ளஸ்' என்ற மாத்திரையை 1990-களில் சந்தைக்குக் கொண்டுவந்தது சென்னையின் வெல்வெட் நிறுவனம். ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்துக் கிராமம் வரை கொண்டுபோன அதே குடும்பத்தின் பெயர். விளம்பரத்துக்கு வந்தவர் விஸ்வநாதன் ஆனந்த். மாத்திரைக்குள் இருப்பதை விளக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

நீர்ப்பிரமியில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. சுமார் 12 வாரம் தொடர்ந்து சாப்பிட்டவர்களிடம் நினைவுகூர்தலில் சிறு முன்னேற்றம் தெரிந்ததாகச் சில சோதனைகள் உண்டு. சிறு முன்னேற்றம், அதுவும் மூன்று மாதம் கழித்து. பரீட்சைக்கு முந்தைய வாரம் வாங்கிக் கொடுக்கும் அப்பாவுக்கு இது உதவாது. அதே சமயம், நம் மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையில் ஒரு பட்டியல் இருக்கிறது. தீர்ப்பதாகவோ தருவதாகவோ எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாத விஷயங்கள் அவை. மூளைத் திறனைக் கூட்டுவதும் ஞாபக சக்தியைப் பெருக்குவதும் அதில் இருக்கின்றன. ஆனால் பாலில் கலக்கும் மாவாக வந்தால் அது உணவு. உயரமாகவும் வலுவாகவும் கூர்மையாகவும் ஆகலாம் என்று தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டே விற்றார்கள்.

சதுரங்கப் பலகை

ஆனந்த் பெயர் வந்ததால் சதுரங்கத்தையும் தொட்டுவிடுவோம். மூளையால் மட்டும் ஆடும் ஆட்டம் இது, அதனால் நியாயம் பற்றிய கேள்வி இங்கே சுத்தமாக எழுகிறது. 2022-ல் 44-ஆவது ஒலிம்பியாட் எங்கள் பக்கத்து மாமல்லபுரத்தில் நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

சதுரங்கத்திலும் ஊக்க மருந்துச் சோதனை உண்டு. 2008-ல் டிரெஸ்டன் ஒலிம்பியாட்டில் உக்ரைனின் இவான்சுக் கடைசி ஆட்டத்தில் தோற்ற கோபத்தில் சோதனைக்கு வராமல் போய்ப் பெரிய சர்ச்சையானது. மோடாஃபினில் விளையாட்டில் தடை செய்யப்பட்டது. காஃபீனும் ஒரு அளவுக்கு மேல் போனால் தடைதான் என்று இருந்து, 2004 ஜனவரியில் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. காஃபீன் மாறவில்லை. நம் கோடு மாறியது.

2017-ல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வில் 39 ஆட்டக்காரர்களுக்கு மோடாஃபினில், மெதில்ஃபெனிடேட், காஃபீன் ஆகியவற்றைக் கொடுத்துக் கணினியோடு ஆட வைத்தார்கள். மருந்து சாப்பிட்டவர்கள் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அதிக நேரம் யோசித்தார்கள். அதனாலேயே கடிகாரத்தில் தோற்றார்கள். நேரம் போய்த் தோற்ற ஆட்டங்களைக் கழித்துப் பார்த்தால் மதிப்பெண் உயர்ந்திருந்தது. அதாவது மூளைக்கு ஆழம் கிடைத்தது, ஆனால் நேரம் போதவில்லை. மூன்று மணி நேரப் பரீட்சை எழுதும் நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது.

ஆட்டத்துக்கு இப்படித் தடைப் பட்டியலும் சோதனையும் இருக்கின்றன. வேலைக்கு?

வண்டலூர் சாலையில் ஓடும் பஸ்கள்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இருட்டிய பிறகு நின்று பார்த்தால், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். உள்ளே என் வயதுப் பையன்களும் பெண்களும். இரவு ஷிப்ட். வழியில் இருக்கும் டீக்கடைகள் நள்ளிரவிலும் திறந்திருக்கும். எனக்கு மூளை ஊக்க மருந்து என்றதும் ஹார்வர்டு மாணவன் ஞாபகம் வருவதில்லை. இவர்கள்தான் ஞாபகம் வருகிறார்கள்.

தொழிற்சாலைச் சட்டம் 1948-ல் வந்தது. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வேலை வாங்கக் கூடாது என்று அது விதித்தது. 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

அந்த மசோதா நிலைத்திருந்தால் பத்தாவது மணி நேரத்திலும் பன்னிரண்டாவது மணி நேரத்திலும் அந்தப் பையன்கள் எப்படி விழித்திருப்பார்கள்? முதலில் டீ. டீ போதாமல் போனால்? இரவு வேலைக் களைப்புக்கு மாத்திரை என்று ஒரு நாட்டில் ஏற்கனவே எழுதி வைத்தாயிற்று. எந்த முதலாளியும் "மாத்திரை சாப்பிடு" என்று கட்டளையிடத் தேவையில்லை. பக்கத்து மிஷினில் நிற்பவன் சாப்பிட்டுவிட்டு அதிக உருப்படி எடுத்தால் போதும், அதுவே புது அளவுகோல் ஆகிவிடும். அப்புறம் சாப்பிடாமல் இருப்பது என் விருப்பம் என்று சொல்வதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

என் முடிவு

மூளையைத் தூண்டும் பொருள் பாவம் என்று நான் சொல்லவில்லை. அந்த வாதம் காப்பியிடம் தோற்றுவிட்டது. பரீட்சைக்கு மாத்திரை போட்டவன் திருடன் என்றும் சொல்லத் தோன்றவில்லை. அவன் தன் உடம்பை வைத்துச் சூதாடுகிறான், அவ்வளவுதான். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன்.

நூறு வருஷக் காப்பி, டீ வரலாற்றிலிருந்து எந்தப் புது மருந்துக்கும் புதுக் கருவிக்கும் மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

1. இதனால் கிடைக்கும் கூடுதல் விழிப்பு யாருக்குப் போகிறது? சாப்பிடுபவனுக்கா, அவனுடைய நேரத்தை வாங்கியவனுக்கா?

2. வேண்டாம் என்று சொன்னால் வேலையோ இடமோ போய்விடுமா? போய்விடும் என்றால் அது விருப்பம் இல்லை.

3. விற்பவன் கணக்குக் காட்டுகிறானா? என்ன சோதித்தான், எவ்வளவு செலவழித்தான், யாருக்குக் கொடுத்து யார் வாயை மூடினான் என்ற கணக்கு.

மூன்றாவது கேள்விக்கு எங்கள் பக்கத்து உத்திரமேரூரில் ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் மறுபடி குடத்தில் ஓலை போடக் கூடாது என்கிறது. ஊர்ப் பொதுச் சொத்துக்கே அந்தக் கண்டிப்பு என்றால், நம் மூளையைக் கையில் எடுப்பவர்களிடம் அதைவிடக் குறைவாகக் கேட்பது சரியில்லை.

தூக்கம் வராத மாத்திரை நல்லதா கெட்டதா என்று சண்டை போடுவதற்கு முன்னால், இத்தனை பேர் தூங்காமல் இருக்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்று ஒரு முறை கேட்போம். அந்தக் கேள்விக்குப் பதில் மருந்துக் கடையில் கிடைக்காது. வேலை நேரம், சம்பளம், பரீட்சை முறை என்று வேறு இடங்களில்தான் தேட வேண்டும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள், பேசுவோம்.